அறுபத்து நாலு மார்க் ராணி

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க அம்மிணி. எனக்கு எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒண்ணுதான். காத்து வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீ கரூரா? நான் அதையும் தாண்டி ஈரோடு போகோணும். காலையில தஞ்சாவூருக்குப் போயிட்டு இப்பத் திரும்பிப் போறேன். கோயிலுக்கெல்லாம் இல்ல. அவ்வளவு தூரம் போய்ப் பெரிய கோயிலைப் பாக்காம வந்தீங்களான்னு நீயும் கேக்காத. திருச்சி வரைக்கும் வந்த பஸ்ஸுல அந்தக் கண்டக்டரும் இதையேதான் கேட்டாரு. நான் ஒருத்தருக்கு ஒரு காசு குடுக்கப் போனேன். கடன் இல்ல கண்ணு. காசுன்னா நாணயம். பழைய வெள்ளி ரூபா.

எங்கூட்டுக்காரரும் கண்டக்டரா இருந்தவருதான். சென்னியப்பன்னு பேரு. ஈரோடு டிப்போ. சத்தியமங்கலம் ரூட்டுலயே பாதி ஆயுசு போச்சு. பஸ் ஸ்டாண்டுல அவரு போடற சத்தம் சித்தோடு வரைக்கும் கேக்கும்னு டிப்போவுல கேலி பண்ணுவாங்க. வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. “நாள் பூராக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. வீட்டுலயாவது கம்முனு இருக்கறேன்”னு கல்யாணமான புதுசுல ஒரு தரம் சொன்னாரு. சரி, மனுசனுக்குத் தொண்டை வலிக்குதுன்னு நானும் விட்டுட்டேன். சோறு போட்டா சாப்புடுவாரு. உப்புப் பத்தலையான்னு கேட்டாத் தலையை ஆட்டுவாரு. ஆமான்னு ஆட்டறாரா, இல்லைன்னு ஆட்டறாரான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குப் பையனே பொறந்துட்டான். குறையாச் சொல்லலை. குடி இல்ல, அடி இல்ல. பேச்சு மட்டுந்தான் இல்ல. அது ஒரு குறையா? பேசுற புருசனைக் கட்டுன எங்க நங்கையா, அதான் அவரு அக்கா, படற பாட்டை நான் பாத்திருக்கறேனே.

இந்தக் காசுப் பைத்தியம் அவருக்குப் பஸ்ஸுலயே புடிச்சது. கூட்டத்துல ஆளுக செல்லாத காசையெல்லாம் கண்டக்டரு கையில தள்ளி விட்டுருவாங்க. ஓட்டைக் காலணா, வெள்ளைக்காரன் காலத்து அரையணா, சிங்கப்பூருக் காசு, எல்லாம் வரும். மத்த கண்டக்டருக திட்டிப்போட்டு வீசிருவாங்க. இவரு தன் சட்டைப் பாக்கெட்டுல இருந்து ரூபாயை எடுத்துத் தோல்பையில போட்டுக் கணக்கை நேர் பண்ணிப்போட்டு, அந்தக் காசை எடுத்து வெச்சுக்குவாரு. ரிட்டயரான பொறவு அது முத்திப் போச்சு. எம் பையன் நவநீதன் ஓசூருல மோட்டார் கம்பெனியில இருக்கறான். அவன் ஒரு போனை வாங்கிக் குடுத்து, காசு வாங்கற விக்கற ஆப்பெல்லாம் போட்டுக் குடுத்தான். அவ்வளவுதான். மத்தியானம் சாப்புட்டதும் போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருவாரு. சாயங்காலம் விளக்கு வெக்கறப்பத்தான் எறங்குவாரு. எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு, நான் மாடிப்படி ஏறி வருசமாகுது. துணி காயப் போடறது கூட அவருதான்.

உனக்கு இந்த மார்க் போடற கதை தெரியுமா? தெரியாதா? எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. அமெரிக்காவுல ஒரு கம்பெனி இருக்குதாம். நம்ம காசை ஏஜெண்டு மூலமா அனுப்பிச்சா, அசலா போலியான்னு பாத்து, எத்தனை தேய்ஞ்சிருக்குது, எங்க கீறல்னு பாத்து, எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போடுவாங்க. போட்டு, ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வெச்சு ஒட்டி அனுப்பிருவாங்க. அப்பறம் டப்பாவை ஒடைக்கக் கூடாது. ஒடைச்சா மார்க் போயிரும், வெலையும் போயிரும். “தொட முடியாத காசை வெச்சு என்ன பண்றது?”ன்னு ஒரு தரம் கேட்டேன். தலையை ஆட்டினாரு.

அப்படி டப்பாவுல வந்ததுல ஒண்ணுதான் ராணி. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபா. எழுபதுக்கு அறுபத்து நாலு. அத்தனை வயசான வெள்ளிக்கு அது பெரிய மார்க்காம். எங்க நவநீதன் கணக்குல நூத்துக்கு அறுபத்து நாலு எடுத்தப்ப ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்த மனுசன், ராணி வந்த அன்னிக்கு வீதி பூராக் கொண்டு போய்க் காட்டினாரு. எனக்குங் காட்டினாரு. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். மூக்குக்கு நேரா நீட்டி “பாரு”ன்னாரு. பாத்தேன். நல்லாத்தான் இருந்தா. பால் கொதிச்சு வந்துருச்சு, நான் திரும்பிக்கிட்டேன்.

போன கார்த்திகையில, தீபம் முடிஞ்ச மறுநா மத்தியானம், மாடியில விழுந்து கெடந்தாரு. மாரடைப்பு. எதுத்தூட்டு மாடியில மொளகா வத்தல் அள்ள வந்தவ பாத்துச் சத்தம் போட்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்கே வேலை இல்லாமப் போச்சு.

ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் வந்து கட்டிப் புடிச்சு அழுதாங்க. எனக்கு அழுகை வரலை. கல்லாட்ட உக்காந்திருக்கறா பாருன்னு என் காதுல விழறாப்புலயே பேசுனாங்க. நான் சத்துணவுல அமைப்பாளரா இருந்தவ கண்ணு. எங்க பந்தி போட்டாலும் யாரு சாப்புட்டாங்க, யாரு சாப்புடலைன்னுதான் எங்கண்ணு போகும். எளவு வீட்டுலயும் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அது தப்பா? பல்லுப் புடுங்க ஊசி போட்டாக் கன்னம் இருக்கறாப்புலயும் இருக்கும், இல்லாதாப்புலயும் இருக்குமல்ல, அந்த மாதிரி இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்குது. ஊசியோட வேகம் எறங்கலை போல.

காரியமெல்லாம் முடிஞ்சு நவநீதன் ஓசூருக்குப் போறப்ப, “அம்மா, பென்சன் மாத்தறதுக்குப் பேங்குல இருந்து அப்பா போனுக்குத்தான் மெசேஜ் வரும். சார்ஜ் போட்டு வை”ன்னு சொன்னான். பூட்டெல்லாம் போடாமத்தான் அவரு வெச்சிருந்தாரு. சார்ஜ் போட்டதுதான் தாமசம், டிங் டிங் டிங்குனு அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே கெடக்குது. எடுத்துப் பாக்கறேன், காசு வாங்கினவங்க எழுதியிருக்கறாங்க. பணம் அனுப்பிச்சு இத்தனை நாளாச்சே, காசு வரலையேன்னு. ஒருத்தன் ‘ஏமாத்துக்காரன்’னு எழுதிட்டான்.

அதுதான் எனக்குப் பொறுக்கலை. பயணிக்கு மீதிச் சில்லறை குடுக்காம ஒரு நாள் எறங்குனதில்ல அந்த மனுசன். அந்த ஆப்புல விக்கறவங்களுக்கு வாங்கறவங்க நட்சத்திரம் போடுவாங்க. இவருக்கு அஞ்சு நட்சத்திரம். அது கொறைஞ்சு போயிரக் கூடாதில்ல? பீரோவுல எல்லாம் பேர் எழுதி வரிசையா வெச்சிருந்தாரு. எடுத்துப் பஞ்சு வெச்சுச் சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, கூரியருக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். அதோட முடிஞ்சிருக்கோணும்.

முடியலை. காசு கெடைச்சவங்க எழுதுறாங்க. “அண்ணே, அருமையா இருக்குது, நன்றிண்ணே. என்னண்ணே ஆளையே காணம்?” அதுக்குப் பதில் சொல்லோணுமில்ல? ஒரு மனுசன் கேட்டாப் பதில் சொல்லாம இருக்கறது மரியாதையா? செத்துப் போயிட்டாருன்னு எழுதலாம்னு ஆரம்பிச்சேன். எழுத்து வரலை. போன்ல தமிழ் அடிக்க அப்பத்தான் பழகிக்கிட்டு இருந்தேன், அதனாலதான். ‘நல்லா இருக்கேன்’ங்கறது சின்னதா இருந்துச்சு. அதையே அடிச்சு விட்டேன்.

அப்பறம் அவரு எப்படி எழுதுவாருன்னு பாக்கறதுக்காக மேல தள்ளித் தள்ளிப் படிச்சேன். அம்மிணி, நான் உனக்கு என்ன சொல்றது. அது வேற ஆளு. அத்தனை பேச்சு! ஒருத்தனுக்குக் கல்யாணத்துக்கு வாழ்த்து, ஒருத்தனுக்கு மூலத்துக்கு வைத்தியம், ஒருத்தன் வெலை கொறைச்சுக் கேட்டதுக்கு “தம்பி, ராஜாவே வந்து கேட்டாலும் இதுக்கு மேல கொறைக்க மாட்டேன், அவரு தலைதான் இதுல இருக்குது”ன்னு கிண்டல். எல்லாரும் சிரிச்ச மூஞ்சியாப் போட்டு விட்டிருக்கறாங்க. என் கூட மொத்தமாப் பேசினதை விட ஒரு மாசத்துல அங்க ஜாஸ்தி பேசியிருக்கறாரு. எனக்குக் கோவமெல்லாம் வரலை. தொண்டை சரியாயிட்டாப்புல இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

பழகிப் போச்சு. பொங்கலுக்குள்ள அவராட்டவே எழுத வந்துருச்சு எனக்கு. மதுரைப் பையன் ஒருத்தன், டப்பாவுல கீறல் இருக்குது, பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு சண்டைக்கு வந்தான். இவரு என்ன சொல்லியிருப்பாருன்னு தேடினேன், கெடைக்கலை. நானே எழுதினேன். “கீறல் டப்பாவுலதான் தம்பி, காசுல இல்ல. பொண்ணு பாக்கப் போன எடத்துல கதவுல கீறல்னு திரும்பி வந்துருவியா?” அவன் விழுந்து விழுந்து சிரிக்கறாப்புல போட்டுட்டுக் கம்முனு போயிட்டான். நானும் சிரிச்சேன். தனியா அடுப்படியில உக்காந்து சிரிச்சா எப்படி இருக்கும்? எனக்கு அப்படியெல்லாம் பேச வரும்னு எனக்கே தெரியாது. பொழுது போகோணுமில்ல, அதுக்குத்தான்.

இந்தத் தஞ்சாவூருக்காரரு பேரு தைரியநாதன். கண்ணாடிக் கடை வெச்சிருக்கறாரு, மூக்குக் கண்ணாடி. அவருக்கு ராணி மேல ஒரு கண்ணு. ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கறாரு, இவரு குடுக்கவே இல்ல. போனைத் தொறந்தப்பவே அவருகிட்ட இருந்து ஏகப்பட்ட கால் வந்து எடுக்காமக் கெடந்துச்சு. “சார்?” “சார், என்னாச்சு?” “உடம்புக்கு ஏதாவதா சார்?” “ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.” தெனம் ஒண்ணு. வாங்கின பொருளும் இல்ல, குடுக்க வேண்டியதும் இல்ல. சும்மா கேட்டிருக்கறாரு.

அவருக்கும் ‘நல்லா இருக்கேன்’னு போட்டேன். உடனே கால் பண்ணிட்டாரு. எடுக்க முடியுமா? கட் பண்ணிட்டு, “தொண்டையில ஆப்பரேசன். டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு”ன்னு எழுதினேன். “அப்பாடா! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் சார்”னு எழுதினாரு. அதைப் படிச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. நல்ல மாதிரின்னும் சொல்ல முடியாது.

அதுல இருந்து தெனம் மத்தியானம் அவரு எழுதுவாரு. “ராணியம்மா சௌக்கியமா?”

“சௌக்கியம். உங்களைப் பத்தி ஒண்ணும் விசாரிக்கலை.”

“தஞ்சாவூரு வரச் சொல்லுங்க சார். அரமணையெல்லாம் இருக்கு.”

“ஈரோட்டு வெயிலு அவங்களுக்கு ஒத்துப் போச்சு. வர மாட்டாங்களாம்.”

இப்படியே ஓடும். அவரு கேக்கறதும் நான் மாட்டேங்கறதும். அவரு சம்சாரம் தவறி நாலஞ்சு வருசமாச்சு போல, மக கனடாவுல. கடையில மத்தியானம் ஆள் வர மாட்டாங்க. பேச்சுத் தொணைக்குத்தான் கேக்கறாருன்னு எனக்குத் தெரியும். ராணிக்காக இல்ல. மத்தவங்க மனசு எனக்குச் சட்டுனு புரிஞ்சிரும் கண்ணு, புள்ளைகளுக்குச் சோறு போட்ட கையில்ல. நான் சாப்புட்டுத் தட்டைக் கழுவி வெச்சுப்போட்டு, முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டுப் போனை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துருவேன். அவரு எழுத அரை மணி நேரம் தாமசமானா எனக்கு வெசனமாகும். பாவம், தனி ஆளாச்சே, என்னாச்சோன்னு.

மாசி கடைசியில நவநீதன் போன் பண்ணினான். “அம்மா, மெட்ராஸ்காரரு ஒருத்தரு இருக்காரு. சித்திரைக்கு வர்றப்பக் கூட்டிட்டு வரேன். அப்பா காசையெல்லாம் மொத்தமா எடுத்துக்குவாரு. வீட்டுல வெச்சுக்கிட்டு நீ தனியா இருக்கறது எனக்கு பயமா இருக்கு”ன்னான். சரின்னேன். நல்ல ரோசனைதானே. எனக்கு அந்தக் காசுகளை வெச்சு என்ன ஆகப் போகுது.

போனை வெச்சப்பறம்தான் தோணுச்சு, ராணியையும் மூட்டையோட மூட்டையா மெட்ராஸ்காரரு அள்ளிக்கிட்டுப் போயிருவாரேன்னு. ரெண்டு வருசமா ஒரு மனுசன் கேட்டுக்கிட்டு இருக்கறாரு. அவருக்குக் குடுக்கறதுதானே நாயம்? மறுநா மத்தியானம் அவரு வழக்கம்போல “ராணியம்மா என்ன சொல்றாங்க?”ன்னு கேட்டதும், “சரி, எடுத்துக்கங்க. நீங்க கேட்ட வெலைக்கே தரேன்”னு எழுதினேன்.

பதிலே இல்ல. படிச்சுட்டாருங்கறதுக்கு அடையாளம் விழுந்துருச்சு. சந்தோசத்துல பேச்சு வரலையாக்கும்னு இருந்தேன். சாயங்காலம் ஆச்சு. மறுநா காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், ரெண்டே வார்த்தை.

“நீங்க யாரு?”

போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சுட்டேன். ஆப்புல எழுதிப் போட்டுட்டா? ஏமாத்து வேலைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டா? அத்தனை நட்சத்திரமும் போயிருமே! எனக்கு அந்தப் பயம்தான், வேற ஒண்ணும் இல்ல. மத்தியானம் சோறு எறங்கலை. போனை எடுத்து, “அவரு சம்சாரம்”னு எழுதினேன்.

“எப்போ?”ன்னு கேட்டாரு.

என்ன எப்போன்னு நான் கேக்கலை. கேக்கறதுக்கு என்ன இருக்குது. “தீபத்துக்கு மறுநா. மத்தியானம்.”

“அன்னிக்கு மத்தியானம் அவரு என்கிட்டதாம்மா பேசிக்கிட்டு இருந்தாரு.”

ரெண்டு மூணு நாள் மத்தியானம் போன் சும்மாவே கெடந்துச்சு. அப்பறம் நானே, “ராணியை நேருல கொண்டாந்து தரேன்”னு எழுதிப்போட்டு இன்னிக்கு வெடியால பஸ் ஏறிட்டேன். கூரியருல போட்டா டப்பா ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிரும், அதான். நவநீதன்கிட்டச் சொல்லலை. சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான்.

கடை ஒண்ணும் பெருசில்ல. ஒரு பொண்ணு கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவரு குள்ளமா, நரைச்ச மீசை, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. நான் யாருன்னு சொல்லவே இல்ல.

“நீங்கதானே கலா?”ன்னாரு.

எனக்கு அது யாருன்னே ஒரு நிமிசம் புரியலை. என் பேரு கலாமணி. ரேசன் கார்டுல கலாமணி, சத்துணவுல கலாமணி டீச்சர், ஒறம்பரைக்கு ஈரோட்டுக்காரி. கலான்னு என்னைப் பெத்தவங்க கூடக் கூப்பிட்டதில்ல. “கலாமணிங்க”ன்னேன்.

“சாரு கலான்னுதாம்மா சொல்லுவாரு. கலா அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சா வேற எதுவும் வேண்டாம், தைரியம்பாரு, என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. கலாவுக்கு முட்டி வலி, கேரளாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்பாரு. ராணியைக் குடுங்க சார்னா, கலாவுக்கு அது புடிச்சிருக்கு, ஒரு தரம் பாத்து அப்படியே நின்னுட்டா, அதனால தர மாட்டேம்பாரு.”

நான் எப்பக் கண்ணு நின்னேன்? பால் பொங்கிருச்சுன்னு திரும்பிக்கிட்டேன்னு சொன்னேனில்ல? அது என்னமோ, அவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்குது. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் என் முட்டி வலி தெரிஞ்சிருக்குது பாரேன். ஒரு பொம்பளையோட சமாச்சாரத்தை இப்படியா எல்லாருகிட்டயும் சொல்றது? இதை என்கிட்டச் சொல்லியிருந்தாக் கேரளாவுக்குப் போயிருக்கலாமில்ல.

டப்பாவை எடுத்து மேசை மேல வெச்சேன். அவரு தொடவே இல்ல. “நீங்க வெலையை ஒத்துக்கிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுருச்சும்மா. சாரு செத்தாலும் அதை எனக்குக் குடுக்க மாட்டாரு”ன்னு சொல்ல ஆரம்பிச்சு, சொன்ன வார்த்தை அவருக்கே உறைச்சு, நிறுத்திட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கறாரு, தொடைக்கறாரு, அழுகை நிக்கவே இல்ல. அந்தப் பொண்ணு பாவம், போட்ட கண்ணாடியோட எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு நிக்குது. நான் போய்த் தண்ணி எடுத்துக் குடுத்தேன். செத்தது என் புருசன். அழுகறது அவரு. தண்ணி குடுக்கறது நான்.

அப்பறம் அந்த மத்தியானத்தைச் சொன்னாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாராம். நடுவுல என்னமோ மூச்சு வாங்கினாப்புல இருந்துச்சாம். அப்பறம், “இரு தைரியம், கீழ கலா கூப்புடறா. என்னன்னு கேட்டுட்டு வரேன்”னு போனை எங்கயோ வெச்ச சத்தம் கேட்டுச்சாம். நடந்து போற செருப்புச் சத்தம். அவ்வளவுதான். இவரு ரொம்ப நேரம் போனைக் காதுலயே வெச்சுக்கிட்டு இருந்துட்டு, வீட்டுல வேலை போலன்னு கட் பண்ணிட்டாராம்.

“ஏம்மா, அன்னிக்கு நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?”

கண்ணு, நான் கூப்புடவே இல்ல. நான் வீட்டுலயே இல்ல. ராகி அரைக்க மாவு மில்லுல உக்காந்திருந்தேன். வந்து, அவரு மாடியில போனைப் பாத்துக்கிட்டு இருப்பாருன்னு டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். அதுக்கப்பறந்தான் எதுத்தூட்டுக்காரி சத்தம் போட்டா. அவரு மாடிப்படித் தலையில, கீழ எறங்கறாப்புல விழுந்து கெடந்தாரு. தண்ணி குடிக்க வந்திருப்பாருன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். யாரு கூப்பிட்டுதுன்னு அவரு காதுல விழுந்துச்சோ, எனக்குத் தெரியலை. நான் மாடிக்கு ஒரு குரல் குடுத்ததே கெடையாது. நேரத்துக்கு அவரே எறங்கி வருவாரு, எதுக்குக் கூப்புடறது?

தைரியநாதன் எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கறாரு. மூணு மாசமா அந்த மனுசனுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு எனக்கு. வாய் தன்னால சொல்லுது. “காபி ஆறிப் போகுதுன்னு கூப்பிட்டேங்க.”

“வந்தாரா?”

“வந்தாரு.”

“குடிச்சாரா?”

“குடிச்சாருங்க. டம்ளரைக் குடுத்துப்போட்டு மறுபடியும் மேல ஏறினாரு. அப்பத்தான்.”

அவரு அப்படியே கண்ணை மூடிக்கிட்டாரு. தோளெல்லாம் எறங்கிப் போச்சு. “நல்லவேளைம்மா. நான் தினம் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன், யாரும் இல்லாமத் தனியாப் போயிட்டாரோன்னு.” அப்பறம் சிரிச்சாரு, அழுதுக்கிட்டே. “சர்க்கரை போட்டீங்களா? கலா சர்க்கரையக் கண்ணுல காட்ட மாட்டேங்குதுன்னு என்கிட்டப் பொலம்புவாரே!”

“போட்டேங்க.”

“எத்தனை?”

“ரெண்டு கரண்டி.”

அவ்வளவுதான் கண்ணு. ராணியை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். தான் கேட்ட வெலைக்கு இல்ல, எங்கூட்டுக்காரரு எப்பவோ சாக்குக்குச் சொன்ன பெரிய வெலைக்குத்தான் எடுத்துக்குவேன்னு அடம் புடிச்சாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாரு. இனிமே மத்தியானம் எழுத மாட்டாருன்னு நெனைக்கறேன். எதைக் கேட்டு எழுதறது? எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல. இருந்தாலும் சும்மா சொல்றேன்.

மாயனூரு தாண்டியாச்சு பாரு. பையை எடுத்துக்க, கரூருல கூட்டம் முண்டியடிக்கும். நீ எதுக்கு அம்மிணி மூக்கைத் துடைக்கறே? ஜன்னலைச் சாத்து, தூசி வருது.

எங்கூட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. முந்நூறு, முந்நூத்தம்பதுன்னு நிக்கும். எங்கூட்ல நாங்க சர்க்கரை வாங்கறதையே விட்டுட்டோம். ஒறம்பரை வந்தாப் பக்கத்தூட்டுல கடன் வாங்கித்தான் காபி போடுவேன். ரெண்டு கரண்டின்னு வாயில வந்துருச்சு, சொல்லிப்போட்டேன். ரெண்டு ஜாஸ்திதான். ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாம்.